ஏழு வாரம், லேசாக ரத்தம்: திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கமுங்க. கடைசித் தீட்டிலிருந்து 7 வாரம் ஆகுது. கார்டு டெஸ்ட்டில் ரெண்டு கோடு வந்துச்சு, ஸ்கேன் இன்னும் எடுக்கலை. நேத்திருந்து பழுப்பா லேசாப் படுது, இடப்பக்க அடிவயிறு வலிக்குது. படுத்தே இருந்தாச் சரியாயிரும்னு அத்தை சொல்றாங்க. திங்கட்கிழமை போனால் ஆகாதுங்களா?

பதில்: ஆகாது, இன்றே போங்கள். படுத்திருப்பதால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அத்தையின் அக்கறை மட்டும் உண்மை.

கொஞ்சம்தானே படுகிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. கருக்குழாயில் தங்கியிருந்தால் வெளியே சொட்டுத்தான் படும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் கொட்டும். மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, திடீரெனக் கடும் வயிற்றுவலி, அல்லது மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைவது: இதில் எது வந்தாலும் 108. பைக்கில் போக வேண்டாம்.

அவசரப் பிரிவில் முதலில் நாடியும் ரத்த அழுத்தமும்தான். இளவயதில் உள்ளே ரத்தம் போனாலும் அழுத்தம் கடைசிவரை சரியாகவே காட்டி ஏமாற்றும். துடிப்பு 110, மேல் அழுத்தம் 110 என்றால் தனித்தனியே பெரிதாகத் தோன்றாது, துடிப்பை அழுத்தத்தால் வகுத்தால் 1. அது 0.9-ஐத் தாண்டினாலே உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேடுவோம்.

இந்த வாரத்தில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் தெளிவு. அதனால் கரு கலையாது. சுமார் 6 வாரத்தில் இதயத் துடிப்பு தெரியத் தொடங்கும். கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், அன்றே ‘கலைந்துவிட்டது’ என்று சுத்தம் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வாரமாவது கழித்து மறு ஸ்கேன் கேளுங்கள். தீட்டு ஒழுங்காக வராதவர்களுக்கு 7 வாரக் கணக்கு உண்மையில் 5 வாரமாக இருக்கலாம்.

கர்ப்பப்பைக்குள் ஒன்றுமே தெரியாவிட்டால் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. எண் குறைவு என்பதால் கருக்குழாய்க் கர்ப்பம் இல்லை என்று ஆகாது. 48 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்க்க வேண்டும். ஒன்று ஈரோட்டில், ஒன்று திருப்பூரில் என்றால் ஒப்பிட முடியாது.

ரத்த வகை அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். நெகட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் தாக்காமல் காப்பது) தேவையா என்பதை 72 மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். சதைத் துணுக்கு ஏதும் விழுந்திருந்தால் சுத்தமான டப்பாவில் கொண்டுபோங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்; ஐபுப்ரோஃபென் வேண்டாம்.