குழாய் தலை திருப்பினால் பறவை
(வாசகர் கேள்வி, சிற்பி பதில்)

கேள்வி: பழைய சாவி, பல்சக்கரம், ஸ்பூன், பூட்டு என்று இரண்டு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் நாற்பது சாமான்களை ஒட்டி ஒரு பறவை செய்தேன். பார்க்கிறவர்கள் "இதில் எத்தனை சாவி இருக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். பறவை யார் கண்ணிலும் படவில்லை. முழுவதும் கறுப்பு பெயின்ட் அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: பெயின்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள். நாற்பது சாமான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு சாவியும் தன்னைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டால் பறவை எங்கே தெரியும்?

1942-இல் பிக்காசோ செய்த காளைத் தலையில் இரண்டே பொருள்கள். சைக்கிள் சீட்டு முகம், ஹேண்டில்பார் கொம்பு. சீட்டின் குறுகிய முனை கீழே இருப்பதால் அதுவே காளையின் மூக்காகிவிடுகிறது. காளையைக் கண்டுகொண்ட பிறகும் சைக்கிள் மறைவதில்லை. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

எனக்கு ஒருமுறை தேய்ந்த பித்தளைக் குழாய் ஒன்று கிடைத்தது. தண்ணீர் விழும் வாய் வளைந்து இறங்குகிற விதம், அப்படியே அலகு. மேலே திருகுகிற பிடி கொண்டை. உடம்புக்கு ஒரு பெரிய இரும்புக் கரண்டி: குழிந்த பக்கத்தைக் கவிழ்த்தால் முதுகு, காம்பு வால். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சிறகுக்கு ஸ்பூன், கழுத்துக்கு ஸ்பிரிங், காலுக்குச் செயின் என்று மூன்று வாரம் சேர்த்துக்கொண்டே போனேன். பறவை காணாமல் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஸ்பிரிங்கை எடுத்ததுமே அலகு திரும்பத் தெரிந்தது. கடைசியில் மிஞ்சியவை குழாய், கரண்டி, காலுக்கு இரண்டு நீள ஆணி.

கரண்டியில் துளை போட்டு, குழாயின் மரையை அதில் நுழைத்து, அடியில் நட் போட்டேன். முழுக்க முறுக்குவதற்கு முன் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். நேராக இருந்தவரை அது குழாய்தான். சற்றே பக்கவாட்டில் திரும்பியதும், ஏதோ சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்ட பறவை!

நீங்களும் கழற்றிப் பாருங்கள். ஒன்றை எடுத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லையென்றால் அதைப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

கறுப்பு பெயின்ட்டுக்கும் இடம் உண்டு. அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் நாற்காலித் துண்டு, படிக்கட்டுக் கைப்பிடியின் கடைசல் போன்ற மரச் சாமான்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, 1958-இல் ‘ஸ்கை கதீட்ரல்’ என்ற சுவரையே எழுப்பினார். முழுக்கக் கறுப்பு. அங்கே துண்டுகள் தனித்தனியாகத் தெரியாமல் நிழலோடு சேர்ந்து ஒன்றாகின்றன. உங்கள் பறவைக்கு வேண்டியது அதுவல்ல, உருவம். அது முதலில் வரட்டும்.

கேள்வி: என்னிடம் வெல்டிங் வசதி இல்லை. பசை மட்டும் போதுமா?

பதில்: கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சூயி ஆயிரக்கணக்கான பாட்டில் மூடிகளைச் செம்புக் கம்பியால் தைத்தே சுவர் நிறையும் திரைகளைச் செய்கிறார். கம்பி, போல்ட், ரிவெட் மூன்றையும் முதலில் முயலுங்கள். இரண்டு டியூபிலிருந்து கலந்து பூசும் எபாக்ஸி பசைதான் வழி என்றால், ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டுப் பூசுங்கள். வழவழப்பான உலோகத்தில் பசை நிற்காது. அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்தால் நடுவில் ரப்பர் வாஷர் வையுங்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துவிடும்.

பின்னால் வெல்டிங் கற்றுக்கொண்டாலும் இரண்டை மறக்காதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். பெட்ரோல் இருந்த டப்பா, எத்தனை வருஷம் காலியாகக் கிடந்தாலும் சரி, அதன் பக்கத்தில் நெருப்பையே கொண்டுபோகாதீர்கள்.