பட்டியலில் இருக்கிறார்கள், ஆராதனையில் இல்லை

கேள்வி: எங்கள் சபையில் நான் செயலாளர். ஒரு காலத்தில் 150 பேர் வந்த ஞாயிறு ஆராதனைக்கு இப்போது 60 பேர் வந்தாலே அதிகம். வாலிபர்கள் பெரிய சபைகளுக்குப் போய்விடுகிறார்கள். கடன் வாங்கியாவது பெரிய திரை, புது ஒலி அமைப்பு, பாட்டுக் குழு எல்லாம் கொண்டுவரலாம் என்கிறது கமிட்டி. போதகர் நல்லவர். ஆனால் எல்லா வேலையும் அவர் தலையில்தான், சோர்ந்துபோயிருக்கிறார். சபை மறுபடி வளர என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

அந்த 90 பேர் எங்கே போனார்கள்? வாலிபர்கள் பெரிய சபைக்குப் போனார்கள் என்கிறீர்கள். சரி, அது சிலர். மற்றவர்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சிலர் இறந்திருப்பார்கள், சிலர் வேலைக்காக இடம் மாறியிருப்பார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், மனஸ்தாபத்தில் நின்றுபோனவர்கள், வீட்டில் ஒரு துக்கம் நடந்தபோது சபையிலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லையே என்று ஒதுங்கியவர்கள் இவர்களும் அதில் இருப்பார்கள்.

அடுத்த கமிட்டிக்குச் சபைப் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெயராக வாசித்து, இவரைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது யார் என்று கேளுங்கள். பல பெயர்களுக்குப் பதில் வராது. அந்த வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போகட்டும். "ஏன் வருவதில்லை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும், மற்றது தானாக வரும். பழைய கோபத்தைக் கொட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். போதகருக்காகவோ கமிட்டிக்காகவோ வாதாட வேண்டாம். வேறு சபையில் மனம் ஒன்றிவிட்டவர்களை வாழ்த்திவிட்டு வந்துவிடுங்கள், இழுக்காதீர்கள்.

இது வளர்ச்சிக்கான வழியா, வெறும் நலம் விசாரிப்பா என்று கமிட்டியில் ஒருவராவது கேட்பார். அவருக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பகிர்ந்து கொடுக்கும் பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அந்த வேலையையும் தாங்களே இழுத்துப்போட்டுக்கொள்ளவில்லை. ஜெபமும் வசனமும் எங்கள் பங்கு, இதற்கு ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீஷருடைய தொகை மிகவும் பெருகியது என்ற வரி, இந்தக் குறை தீர்ந்த பிறகு 7ஆம் வசனத்தில் வருகிறது. உங்கள் போதகரின் சோர்வுக்கும் பதில் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

கடன் என்று எழுதியதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் சொன்னார். யோசனை சொன்னவரோ, மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் நானே போட்டுவிடுகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். காசு வாங்கப் போனவர்களுக்கு வீட்டு நிலவரமெல்லாம் தெரியவந்தது. தனக்கு இத்தனை நாள் இல்லாமலிருந்தது இதுதான் என்று வெஸ்லி கண்டுகொண்டார். பன்னிரண்டு பேர் அளவில் ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், வாரம் ஒரு கூடுகை என்று அது வளர்ந்து, மெதடிஸ்டு இயக்கத்துக்கே முதுகெலும்பானது. உங்கள் 60 பேரை ஐந்தாறு குழுக்களாகப் பிரிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் வீட்டுக் கூட்டத்தில் இன்னொரு முழுநீளப் பிரசங்கம் வேண்டாம். ஒருவருக்கொருவர் பேசவும் ஜெபிக்கவும் நேரம் விடுங்கள்.

வாலிபர்களை நாம் கிட்டாரோடு நிறுத்திவிடுகிறோம். கணக்குப் பார்க்க, வேதபாடம் வாசிக்க, வீடு சந்திக்க, கமிட்டியில் உட்கார்ந்து வாக்களிக்கக் கூப்பிடுங்கள். அவர்கள் ஒன்றைத் தவறாகச் செய்தாலும் பொறுப்பைப் பிடுங்கிவிடாதீர்கள்.

புதிதாக வருகிறவரை எழுப்பி நிறுத்தி அறிமுகம் செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம். கூச்சப்படுகிறவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் பழையவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள், புதியவர் வாசலைப் பார்த்து நடப்பார். அந்த முதல் பத்து நிமிடம் புதியவர்களுக்குத்தான் என்று சபையாரிடம் சொல்லிவையுங்கள். வாரத்தின் நடுவில் யாராவது ஒருவர், போதகரைத் தவிர, அந்தப் புதியவருக்குப் போன் செய்யட்டும்.

ஒலி அமைப்பைப் பொறுத்தவரை, பின்வரிசை முதியவர்களுக்குப் பிரசங்கம் கேட்கவில்லையென்றால் அதை உடனே சரிசெய்யுங்கள். திரை காத்திருக்கலாம்.

கமிட்டிக்கு முன்னால் போதகரைத் தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் திடீரென்று கேட்டால் குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். தான் செய்கிற வேலைகளையெல்லாம் எழுதச் சொல்லி, எவற்றை வேறு கைக்குக் கொடுக்க மனமிருக்கிறது என்று கேளுங்கள். சில போதகர்களுக்கு வேலை செய்வதைவிட வேலையை விடுவது கஷ்டம், அதனால் ஒன்றிரண்டில் தொடங்கினாலும் போதும். கடன் பேச்சை மட்டும் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் பட்டியலில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒருமுறையாவது போய்வந்திருப்பீர்கள்.