ஆய்வுக் கட்டடத்தில் குழாய்களுக்கும் ஒரு தளம் வேண்டும்

நவீன அறிவியல் ஆய்வுக் கட்டடத்தை வடிவமைப்பவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குழாய்கள் போகும் வழியை. முகப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். பினாங்கில் 18 ஆண்டுகளாக ஆய்வுக்கூடக் குளிர்சாதனங்களைப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வீட்டு ஏர்கான் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. இரசாயனம் புழங்கும் ஆய்வுக்கூடத்தில் அது ஆகாது. உறிஞ்சிய நச்சுக்காற்று மொட்டை மாடி வழியாக வெளியேற வேண்டும். அதற்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். நம் ஊர்க் காற்றில் எந்நேரமும் ஈரம். அதைப் பிழிந்தெடுத்த பிறகே உள்ளே விட முடியும். இதற்கெல்லாம் பெரிய இயந்திரங்களும் அகலமான காற்றுக் குழாய்களும் தேவை.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் பொய்க்கூரைக்கு மேலே முழங்கையை மடக்கக்கூட இடமில்லை. 7 டிகிரியில் நீர் ஓடும் குளிர்நீர்க் குழாயின் காப்புறை ஓரிடத்தில் கிழிந்து, குழாய் வியர்த்துச் சொட்டியது. கூரைப் பலகையில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பு வட்டம். நேர் கீழே நுண்ணோக்கி. அதைப் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்திவிட்டு ஏணியை வைத்தபோது, முனைவர் பட்ட மாணவி ஒருவர், “அண்ணே, நாளைக்குள் முடிந்துவிடுமா? என் செல்கள் அதற்குமேல் தாங்காது” என்றார். கையளவு காப்புறையை மாற்ற அவருடைய ஒரு நாள் போயிற்று. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பிலடெல்பியாவில் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடங்களில் குழாய்களுக்குத் தனிக் கோபுரங்கள் எழுப்பினார். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே வெயிலில் கண் கூசியதால் ஆய்வாளர்கள் சன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். கலிபோர்னியாவில் 1965இல் முடிந்த சால்க் ஆய்வுக் கழகத்தில் அவர் வேறு வழி கண்டார். ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கென்றே ஏறத்தாழ 9 அடி உயரத்தில் இன்னொரு தளம். பழுதுபார்ப்பவர் அங்கே நிமிர்ந்து நடக்கலாம். கீழே ஆய்வு நிற்காது. கடலை நோக்கிய முற்றத்தைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கோ அந்தக் குழாய்த் தளத்தில் ஒருமுறை நடந்து பார்க்க ஆசை.

செலவு கூடும் என்பது உண்மை. முழுத் தளம் கட்ட முடியாவிட்டால், வால்வுகளையாவது ஆய்வு மேசைகளுக்கு மேலே வைக்காமல் நடைபாதைக்கு மேலே கொண்டுபோங்கள். வரைபடம் முடிவாகும் முன்பே பராமரிப்பு ஆட்களைக் கூப்பிட்டு, எந்த வால்வுக்கு எங்கே ஏணி வைப்பது என்று கேளுங்கள்.