வயலில் நின்றதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் டெல்டா பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி காய்ச்சலும் கால் வலியும்தான். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. தள்ளிப்போட்டால் ஆபத்தில் முடியக்கூடியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் கணவருக்கு அண்டை வெட்டுவது, வரப்பு கட்டுவது, நாற்று பறிப்பது என்று சம்பா நடவு முழுக்க வயலில்தான் வேலை. நான்கு நாளாகக் கடுமையான காய்ச்சல். கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை, கண்ணும் சிவந்திருக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், கேட்கவில்லை. சேற்றில் நின்ற அலுப்புதான், வலிக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். அப்படியா?
– வாசகி, நீடாமங்கலம்

அம்மா, இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் அவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் காட்டவில்லை என்றால் மீதியைப் படிக்காமல் இப்போதே கிளம்புங்கள். அலுப்புக்கு உடம்பு வலிக்கும், நான்கு நாள் காய்ச்சல் அடிக்காது, கண்ணும் சிவக்காது. திடீரென்று வந்த கடுங்காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் சிவந்த கண், இதோடு வயல் வேலை. இந்த நான்கும் சேர்ந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் நினைவுக்கு வரவேண்டியது எலிக்காய்ச்சல்.

லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவால் வருகிற நோய் இது. எலி கடித்துத்தான் வரவேண்டும் என்பதில்லை. எலியின் சிறுநீரில் அந்தக் கிருமி வெளியேறி வயல் தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து கிடக்கும், நம் காலில் இருக்கிற சின்ன வெட்டு, முள் கீறல், சேற்றுப்புண், ஊறிப்போன தோல் வழியாக உள்ளே போய்விடும், அந்தத் தண்ணீர் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் போகும். மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் இருக்கலாம் என்பதால் தொழுவம் கூட்டுகிறவர்களுக்கும் வரும். கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்கள் செத்த எலியை வெறுங்கையால் எடுக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் ஆபத்து அதிகம். கிருமி உள்ளே போன உடனே காய்ச்சல் வராது, பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் நடவு முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் வயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பலருக்கு இது சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். சிலருக்குக் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் என்று பிடித்துக்கொள்ளும். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம் வருவது எல்லாம் அந்தக் கட்டத்தின் அறிகுறிகள், உயிருக்கே ஆபத்தான கட்டம். வலிக்கு ஊசி என்று சொன்னார்கள் அல்லவா, அதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். டைக்ளோபினாக் மாதிரி வலி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே இந்தக் கிருமியோடு போராடிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இதற்கு டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் என்று பழைய, விலை குறைந்த மருந்துகளே கேட்கும், சீக்கிரம் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், முதல் வாரத்தில் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம், ஏனென்றால் எதிர்ப்புப் பொருள் உடம்பில் உருவாகவே சில நாள் ஆகும். முதல் ரிப்போர்ட்டில் இல்லை என்று வந்தது என்பதற்காக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

டாக்டரிடம் போனதும் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். நடவு வயலில் நின்றேன், எலி பிடித்தேன், தொழுவம் கழுவினேன், புதருக்குள் விறகு பொறுக்கினேன் என்று என்ன வேலை செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் அந்த ஒரு வாக்கியம்தான் சிகிச்சையை மாற்றும். புதரை ஏன் சொல்கிறேன் என்றால், புதர்ப் பூச்சிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், நம் பக்கம் மழையிலும் பனியிலும் நிறைய வருகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது. அது இருக்கிற இடம் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடம், மார்புக்கு அடியில் என்று யாரும் பார்க்காத இடமாக இருக்கும், பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லவும் மாட்டார்கள். குளிக்கும்போது நீங்களே தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்கும் என்றில்லை, இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசலாமா?
– வாசகி, கோட்டூர்

தோல் கிழியாமல் விரலிடுக்கில் அரிப்பும் வெள்ளையாக ஊறலும் மட்டும் இருந்தால் பூசிக்கொள்ளுங்கள், காலம் காலமாக நடவுப் பெண்கள் செய்வதுதான். திறந்த புண்ணில் வேண்டாம். வயலிலிருந்து ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவதுதான் பெரிய மருந்து, ஏனென்றால் ஈரத்தில்தான் பூஞ்சை வளரும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், முழங்கால் சேற்றில் பூட்ஸோடு நாற்று நட முடியாது என்று எனக்குத் தெரியும். வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்குங்கள். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் புண் ஆறும்வரை சேற்றில் இறங்கவே வேண்டாம்.

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. கொஞ்ச நாளாக சைக்கிள் மிதித்தால் நெஞ்சுக்குழியில் அழுத்துகிறது என்கிறார், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. வாயு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடிக்கிறார், ஏப்பம் வந்தால் தேவலை என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்.
– வாசகர், மன்னார்குடி

தம்பி, வாயு என்ற பேரில் எத்தனை மாரடைப்பைச் சோடா கடையில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. வாயுவுக்கு அப்பா சைக்கிள் மிதிக்கிறாரா, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரா என்பது தெரியாது. மிதித்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அது இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலை செய்யும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், சுருங்கிய குழாயில் அது போய்ச் சேராது, அதனால் அழுத்துகிறது. ஏப்பம் வந்ததும் தேவலையாவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயத்தின் அடிப்பக்கத்தைப் பாதிக்கும் அடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வாந்தியாகவும்கூட வரும்.

வலி நெஞ்சின் நடுவிலிருந்து இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம், சட்டை நனைகிற மாதிரி வியர்க்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் காரணமில்லாத களைப்பாகவும் வரலாம், பெண்களுக்கும் சில நேரம் இப்படி வரும். இந்த வாரமே ஈசிஜி எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, கொஞ்ச நேரத்தில் விடாமல் நீடித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டாம். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள், அதனால் தஞ்சாவூர் போய்த்தான் ஆகவேண்டும் என்று எதையும் தொடங்காமல் நேரத்தை விடாதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அதுவரை பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

அப்பா வரமாட்டேன் என்றால் சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள். பொய்யும் இல்லை, அதையும் பார்க்கத்தானே வேண்டும்.

என் மகளுக்கு 19 வயது. குதிரிலிருந்தும் மூட்டையிலிருந்தும் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். திட்டினால் ஒளிந்து தின்கிறாள். மாடி ஏறினால் படபடப்பு. கல்யாணத்தில் மழை பெய்யும் என்று கிண்டல் செய்கிறார்கள்.
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

அவளைத் திட்டாதீர்கள் அம்மா, அது கெட்ட பழக்கம் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் பச்சரிசி, சாம்பல், சுவர்க் காரை, ஐஸ் கட்டி இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது தெரிந்த அறிகுறி. படபடப்பும் சேர்ந்திருப்பதால் ஹீமோகுளோபின் பாருங்கள். அவள் வயதில் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

காரணத்தையும் தேட வேண்டும். மாதவிலக்கில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று நீங்களே அவளிடம் கேளுங்கள், அதைத் தாய்தான் கேட்க முடியும். செருப்பில்லாமல் கொல்லைப்பக்கம் நடக்கிற பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும், அதற்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இருக்கிறது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இந்த அளவு குறைந்த பிறகு கீரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், காபி, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டும், இல்லையென்றால் திரும்ப வந்துவிடும். பச்சரிசி ஆசை மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளில் தானாகவே அடங்கும்.

எனக்கு ஒரு கால் மட்டும் வீங்கிக்கொண்டே போகிறது. அவ்வப்போது குளிர்காய்ச்சல் வந்து தொடை இடுக்கில் நெறி கட்டும், பிறகு வீக்கம் கூடும். யானைக்காலா? பரம்பரையா?
– வாசகர், கும்பகோணம்

நீங்கள் சொல்கிற விதம் யானைக்கால் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நரம்புச் சுருட்டல், ரத்தக் கட்டி என்று ஒரு கால் வீங்க வேறு காரணமும் உண்டு, அதைப் பார்த்துவிட வேண்டும். திடீரென்று ஒரே நாளில் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஓடுங்கள். பரம்பரை நோய் இல்லை. சாக்கடைத் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்புகிற புழு நிணநீர்க் குழாயில் தங்குவதால் வருவது. ஒரு காலத்தில் உங்கள் ஊர்ப் பேரோடு சேர்த்தே இந்த நோயைச் சொல்வார்கள். அதன் நுண்புழு ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் ரத்தத்தில் நிறையத் தெரியும் என்பதால்தான் சுகாதாரத் துறையினர் அந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டி ரத்தம் எடுத்தார்கள்.

அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலைத்தான் நீங்கள் நிறுத்த வேண்டும். தோலின் வெடிப்பிலும் விரலிடுக்குப் புண்ணிலும் வேறு பாக்டீரியா புகுவதால் வருகிறது அது, ஒவ்வொரு முறை வரும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, மடிப்புக்குள் ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்பில் மருந்து போட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். இதை விடாமல் செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வருவது நன்றாகக் குறைகிறது. புண்ணோடும் காய்ச்சலோடும் இருக்கும்போது காலை நீவி விட வேண்டாம்.

பையனுக்கு டெங்கு என்றார்கள். நேற்றோடு காய்ச்சல் விட்டுவிட்டது. டிஸ்சார்ஜ் கேட்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

கேட்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான் அதிகமாகும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுவது, தூங்கி வழிவது, சிறுநீர் குறைவது இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல் இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள். பப்பாளி இலைச் சாறு சிகிச்சைக்கு மாற்றாகாது. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கக் கொடுங்கள், ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்கவே கூடாது. நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் டாக்டரை எழுப்பச் சொல்லுங்கள்.