பின்லாந்தில் சவுனாவுக்குக் கூப்பிடுகிறார்கள், என்ன உடுத்துவது? மயக்கம் வராமல் இருக்க என்ன செய்யணும்?

ஆபீஸ் வேலையாக வருகிறீர்கள், டீமோடு சவுனா என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சவுனா என்றால் அடுப்பில் கற்களைச் சூடாக்கி, அதில் தண்ணீர் ஊற்றி, படிபடியாகப் பலகை போட்ட மர அறையில் வியர்க்க உட்காரும் சூட்டுக் குளியல். நான் தம்பெரேயில் குடியிருக்கிறேன், 1906-ல் தொடங்கி இன்னும் நடக்கும் ராயாபோர்ட்டி பொதுச் சவுனா இந்த ஊரில்தான் இருக்கிறது.

உடை இடத்துக்கு இடம் மாறும். ஹெல்சிங்கியில் உள்ள லோய்லு பொதுச் சவுனா மாதிரி ஆண் பெண் சேர்ந்து உட்காரும் இடத்தில் நீச்சல் உடை கட்டாயம். நீச்சல் குளங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சவுனா, அங்கே நீச்சல் உடையோடு உள்ளே போகக் கூடாது, குளித்துவிட்டு வெறும் உடம்போடுதான். கூச்சமாக இருந்தால் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதைப் படித்துவிட்டு "கலாச்சாரம் என்ன ஆச்சு" என்று கேட்க வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாகப் போகும் இடம் அது, 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

உடையை விட நகைதான் முக்கியம். இந்தியாவிலிருந்து வந்த ஒரு சீனியர் இரண்டு பியர் குடித்துவிட்டு கழுத்தில் தங்கச் சங்கிலியோடு நேராக மேல் படியில் ஏறி உட்கார்ந்தார். உள்ளே 90 டிகிரி. சங்கிலியைக் கழற்றுங்க சார் என்றேன், கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பின்லாந்துக்காரர் இறங்குகிற வரை தானும் இறங்கமாட்டேன் என்று கல்லில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. கையைப் பிடித்து இறக்கி வெளியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், கழுத்தைச் சுற்றிச் சங்கிலி பட்ட இடம் சிவந்து கிடந்தது. ஊருக்குத் திரும்பிப் போய், இவங்க பழக்கமே ஆபத்து என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. போட்டி போட்டால் ஆபத்துதான். 2010-ல் ஹெய்னோலாவில் நடந்த உலகச் சவுனாப் போட்டியில், 110 டிகிரியில், இறுதிச் சுற்றில் இருந்த ரஷ்யர் இறந்தே போனார், அதோடு அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். இங்குள்ளவர்கள் சாதாரணமாகச் சவுனாவில் யாரோடும் போட்டி போடுவதில்லை.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரை, இதய நோய், கர்ப்பம் என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். மற்றவர்கள் முதல் தடவை கீழ்ப் படியில் பத்து நிமிஷம் போதும். சூடு மேலேதான் ஏறும். தலை லேசாகச் சுற்றினாலே வெளியே வந்துவிடணும், எழும்போது மெதுவாக எழணும். தாலி, மெட்டி, தோடு, கண்ணாடி எல்லாம் வெளியே. கழற்ற மனசு வராத தாலியை ஈரத் துணியில் சுற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள், துணியும் சூடாகும். உட்காரும் பலகையில் துண்டு விரித்து உட்காருங்கள். குடிப்பதாக இருந்தால் சவுனா முடிந்த பிறகு.

 

வாடகை அபார்ட்மென்ட்டில் தங்கினால் குளியலறையை ஒட்டியே சின்ன மின்சாரச் சவுனா இருக்கலாம். நம் ஆட்கள் அதில் சூட்கேஸும் அரிசிப் பையும் அடுக்கி வைப்பார்கள், அடுப்புக்கு மேலே ஈரத்துணி காயப்போடுவார்கள். யாராவது தெரியாமல் சுவிட்சைத் திருப்பினால் தீப்பிடிக்கும். போனவுடன் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.