வாக்கில்லாதவர்கள் தலையில் விடியும் வெற்றி

அன்புள்ள ஐயா,

என் மகள் ஜெர்மனியில், துரிங்கியா மாநிலத்தின் யேனா நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். 2024 செப்டம்பரில் அந்த மாநிலத் தேர்தலில் ஏ.எஃப்.டி கட்சி முதலிடம் பிடித்ததிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியா என்று எங்கு பார்த்தாலும் வலதுசாரி தேசியவாதக் கட்சிகளே வளர்கின்றன. வேலையின்மைதான் காரணம் என்கிறார் என் நண்பர். அத்தனை மக்களும் வெறுப்புக்கு ஆட்பட்டுவிட்டார்களா? எங்கள் ஊர் டீக்கடையில், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்கையில் இது எங்கோ நடக்கும் விஷயமாகவும் தோன்றவில்லை. தங்கள் கருத்தை எழுதுங்கள்.

வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யேனா பல்கலைக்கழக நகரம். துரிங்கியாவின் சிற்றூர்களில் அக்கட்சி பெற்ற ஆதரவு அங்கே இல்லை. மாநிலம் முழுவதுமாக அது பெற்றது 32.8 விழுக்காடு. ஆகவே மூவரில் இருவர் வேறு கட்சிகளுக்கே வாக்களித்திருக்கிறார்கள். கவலைப்பட இடமிருக்கிறது, ஆனால் அந்த ஊரே பகையாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

வேலையின்மை என்னும் விளக்கம் எனக்குப் போதவில்லை. 2000களின் நடுவில், துரிங்கியாவும் அடங்கிய கிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை, அப்போது ஏ.எஃப்.டி என்ற கட்சியே கிடையாது. 2013இல், யூரோ நாணயக் கடன் மீட்புத் திட்டங்களை எதிர்த்த பொருளியல் பேராசிரியர்கள் சிலர் முன்னின்று தொடங்கிய அக்கட்சி, 2015இல் அகதிகள் பெருமளவில் வந்த பிறகே இன்றைய முகத்தைப் பெற்றது. அது முதலிடம் பிடித்த 2024இல் அங்கு வேலையின்மை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மாறாக, ஆள் குறைந்துபோனது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1990இல் சுமார் 26 லட்சம் பேர் வாழ்ந்த துரிங்கியாவில் இன்று இருப்பவர்கள் 21 லட்சம் பேர். ஜெர்மனி ஒன்றிணைந்த பின் அரசு ஆலைகள் விற்கப்பட்டும் மூடப்பட்டும் போக, படித்த இளைஞர்கள், அதிலும் பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். பிள்ளைகள் போய்விட்ட ஊரில் மிஞ்சியிருப்பவரிடம், உன் இடத்தை வேறொருவன் பிடிக்க வருகிறான் என்று சொன்னால் அது எடுபடும். கோத்தகிரியில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது எனக்குக் கடினமாக இல்லை.

அத்தனை பேரும் வெறுப்புக்கு ஆட்பட்டுவிட்டார்களா என்ற கேள்விக்கு இத்தாலியைப் பாருங்கள். ஜார்ஜா மெலோனியின் கட்சி 2018இல் பெற்றது 4.4 விழுக்காடு, 2022இல் 26. ஆனால் வலதுசாரிக் கூட்டணி மொத்தமாகப் பெற்ற வாக்கு 37இலிருந்து 44 விழுக்காட்டுக்குத்தான் உயர்ந்தது. அந்தக் கூட்டணியின் மற்ற இரு பெரிய கட்சிகளும் முந்தைய பிரதமர் மாரியோ திராகியின் அரசில் பங்கேற்றிருந்தபோது மெலோனி மட்டும் வெளியே நின்றார். ஆட்சிமீது அதிருப்தி கொண்டவர்களின் வாக்கு அவரிடம் வந்து சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மனம் ஆறு மடங்கு கெட்டுப்போய்விடவில்லை.

எனவே அக்கட்சிகளின் வாக்கு விழுக்காட்டைவிட, அவற்றைக் கண்டு மற்றக் கட்சிகள் எப்படி மாறுகின்றன என்பதையே நான் கவனிக்கிறேன். பிரான்சில் 2002 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு ழான் மரி லெ பென் வந்தபோது இடதும் வலதும் சேர்ந்து நின்று அன்றைய அதிபர் சிராக்குக்கு 82 விழுக்காடு வாக்களித்தன. 2022இல் அவருடைய மகள் மரீன் லெ பென் 41.5 விழுக்காடு பெற்றார். 2023 டிசம்பரில், அதிபர் மக்ரோனின் அரசு கடுமையான குடியேற்றச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது; லெ பென்னின் கட்சியும் ஆதரித்து வாக்களித்தது; இது எங்கள் கருத்தியலுக்குக் கிடைத்த வெற்றி என்று அவரே அறிவித்தார். ஆறே மாதங்களில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி 31 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நின்றது. அவர்களின் பேச்சைக் கடன் வாங்கியவர்களுக்கு அந்த வாக்குகள் வரவில்லை.

டென்மார்க்கைக் காட்டி இதை மறுப்பார்கள், மறுப்பு நியாயமானதே. அங்கே சமூக ஜனநாயகக் கட்சி குடியேற்றத்தில் கடும் நிலைப்பாடு எடுத்தது. 2015இல் 21 விழுக்காடு பெற்றிருந்த டேனிஷ் மக்கள் கட்சி 2019இல் ஒன்பதுக்கும் கீழே போனது. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கட்சி கேட்டவற்றில் பல அரசின் கொள்கையாகிவிட்ட பிறகு யார் தோற்றார்கள் என்று கேட்க வேண்டாமா? கட்சி தோற்றது, அகதியாக வந்தவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவருக்கு அங்கே வாக்கில்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் அவர் வருவதில்லை.

இதை நான் ஐரோப்பாவைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1947இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் வென்றார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952இல் அக்கட்சியிலிருந்து ஒருவரும் வெல்லவில்லை. இதைச் செய்த முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவைத் தீவிரவாதி என்று அன்று எவரும் சொல்லவில்லை. நிதானமான தலைவர் என்றே உலகம் அவரைப் போற்றியது. தமிழ்த் தலைவர்களும் ஒன்றாக நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சரானார். அதை ஏற்காமல் பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

வாக்கில்லாதவர்களை விலக்கிவிட்டு நடந்த போட்டி அதோடு நிற்கவில்லை. 1956இல் பண்டாரநாயக்க சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்தோடு புறப்பட்டபோது, இரு மொழிகளுக்கும் சம இடம் என்று அதுவரை சொல்லிவந்த ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி, தேர்தல் நெருங்கியதும் தானும் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் போட்டது. 95 இடங்களில் பண்டாரநாயக்கவின் கூட்டணிக்கு 51 கிடைத்தன, ஆளுங்கட்சிக்கு எட்டு. அந்தக் கூட்டணியில் இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இனப் பெரும்பான்மையை முன்னிறுத்தும் அரசியல் வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, அந்த நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அவர்களில் என் பெற்றோரும் அடக்கம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை அப்பா ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி ஒட்டிப் பழுப்பேறிய அட்டை அது. சாதிச் சான்றிதழுக்கு அலைந்த நாட்களில் அதை எடுத்து மேசைமேல் விரித்து, விரலால் நீவிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின்னும் ஊரில் அவருக்குப் பெயர் சிலோன்காரர்தான்.

நம் நீலகிரி இதிலிருந்து விலகிய தீவும் இல்லை. 1998இலும் 1999இலும் இங்கே பாரதிய ஜனதாவின் மாஸ்டர் மாதன் மக்களவைக்கு வென்றார். முதல் முறை அ.தி.மு.க. கூட்டணியில், இரண்டாம் முறை தி.மு.க. கூட்டணியில். எவர் தோளில் ஏறி எவர் வளர்ந்தார் என்பதை அந்தந்தக் கட்சித் தொண்டர்கள் மறந்திருக்கலாம். நாம் மறக்க வேண்டியதில்லை.

இனி தங்கள் ஊர் டீக்கடை. அங்கே பேசுபவர்களை இனவெறியர்கள் என்று ஒதுக்காதீர்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லாமல் ஒரு தலைமுறையே ஓய்ந்துவிட்டது; பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆள் இல்லாததால்தான் ஜார்க்கண்டிலிருந்து ஆள் வந்தது. வந்ததால் நம் ஆள் போகவில்லை. இந்த வரிசையைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். இலை எடை போடும் இடத்தில் நானே கண்டதையும் சொல்கிறேன். மழைநாளில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழிக்கிறார். நம்மூர்ப் பெண் தராசைப் பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கிறாள்; கழிவு குறைகிறது. அடுத்து நிற்கும் ஜார்க்கண்ட் பெண்ணுக்கு மொழி தெரியாது; கழித்தது கழித்ததுதான். அவளிடம் கழிக்க முடிகிறவரை நம்மூர்ப் பெண்ணின் கூலியும் ஏறாது.

அந்தப் பெண்ணின் வாக்கு ஜார்க்கண்டில் இருக்கிறது. அதனால் எந்த வேட்பாளரும் அவள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள் கால் வைப்பதில்லை. அடுத்த தேர்தலில் தங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இலை விலையைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது, அந்த லயத்தில் குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படுகிறதா, அங்கிருக்கும் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.