பழைய டவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு: முதலில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேள்வி: ஒரு நிறுவனம் கழித்துப்போட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரை ரூ.13,000-க்கு வாங்கினேன். ஐ5 4590, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன் ஜிடிஏ 5, வாலரண்ட் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டை ரூ.7,500-க்குத் தருகிறேன், பவருக்குக் கன்வெர்ட்டர் கேபிளும் சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- செங்கல்பட்டு வாசகர்

பதில்: வேண்டாம். அந்தக் கார்டு மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் டவரால் அதற்குத் தீனி போட முடியாது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். இந்த டவரில் வருவது 290 வாட். ப்ராசஸருக்கு 84 வாட். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 40 வைப்போம். ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 கேட்கும். கூட்டினால் 309. விண்டோஸ் திறக்கும், பிரவுசர் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். கேமில் கார் துரத்தல் சூடுபிடிக்கும் நேரத்தில் பொட்டென்று அணையும். பிறகு பையன் ராமைக் கழற்றித் துடைப்பான், நீங்கள் விண்டோஸை மாற்றிப் போடுவீர்கள்.

அதைவிட எனக்குப் பயம், அந்த இனாம் கேபிள்மேல்தான். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி பவர் வயர் கிடையாது. அதனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரிலிருந்து கிளை எடுத்துக் கார்டின் 8 பின் சாக்கெட்டில் மாட்டுவார்கள். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்; பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர் வீதம் மொத்தம் 54 வாட்தான் தாங்கும். அந்த 8 பின் சாக்கெட்டோ 150 வாட் வரை இழுக்கும். என் மேஜை இழுப்பறையில் இப்படி ஒரு கன்வெர்ட்டர் கிடக்கிறது. மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி, பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னும் லேசாகத் தீய்ந்த வாடை அடிக்கிறது. யார் கன்வெர்ட்டர் போடலாமா என்று கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் 9020-இன் போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் இல்லை, டெல் தனக்கென வைத்துக்கொண்ட 8 பின் சாக்கெட். அதற்கு ஒரு அடாப்டர் கேபிள், நம்பகமான எஸ்எம்பிஎஸ், பிறகு கார்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்காகிவிடும்.

ஆகவே தனி வயர் கேட்காமல், போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டைத் தேடுங்கள். அதிகபட்சம் 75 வாட். உங்களுக்கு என் தேர்வு, பழைய ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி. இதிலும் சில மாடல்களில் 6 பின் சாக்கெட் வைத்திருப்பார்கள். கார்டின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சாக்கெட் இருந்தால் அது உங்களுக்கு ஆகாது. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அரை மணி நேரம் ஏதாவது கேமை ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, 70 வாட். ‘3050’ என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 130 வாட் கேட்கும் 8 ஜிபி வகையும் அதே பெயரில்தான் விற்கிறது. 6 ஜிபி வகையின் விலையே உங்கள் டவரின் விலையைத் தாண்டும், அதனால் நான் அந்தப் பக்கம் தள்ளமாட்டேன். ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட் போதும், ஆனால் போர்டோடு தரவு பரிமாற அதற்கு நான்கு பாதைகள் (லேன்) தான்; இதுபோன்ற பழைய ஸ்லாட்டில் வேகம் குறையும். கேமை ரெக்கார்டு செய்யும்போது வீடியோவாக மாற்றித் தரும் வன்பொருள் என்கோடரும் அதில் கிடையாது. கடையில் ஜிடி 710-ஐ நீட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. வாலரண்டுக்குக் கார்டே வேண்டாம். இன்டெல் எச்டி 4000 இருந்தாலே அது ஓடும். உங்கள் ஐ5-க்குள் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை எச்டி 4600. செட்டிங்ஸைக் குறைத்து முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ராம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் இன்னொரு டிடிஆர்3 ஸ்டிக் போடுங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் இந்த கிராஃபிக்ஸ், டவரின் ராமைத்தான் பங்கு போடுகிறது, இரண்டு ஸ்டிக் வந்தால் வேகம் கூடும். கார்டு தேவைப்படுவது ஜிடிஏ 5-க்குத்தான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பட்டியலில் இந்த 4-ஆம் தலைமுறை ப்ராசஸர் இல்லை. பைபாஸ் செய்து 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வாலரண்ட் போய்விடும் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள்: 11-இல் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கும், இந்த டவரில் இருப்பது 1.2. இரண்டொரு வருடத்தில் டவரையே மாற்ற வேண்டி வரும். அப்போது 1650-ஐக் கழற்றி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம். அதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி’ ரூ.3,200-க்குக் கிடைத்தது. விண்டோஸிலும் அந்தப் பெயர்தான் காட்டுகிறது. ஆனால் எந்த கேமைத் திறந்தாலும் தொங்குகிறது. பின்பக்கம் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கின்றன. விற்றவர் டிரைவர் பிரச்சினை என்கிறார்.
- திருப்பூர் வாசகர்

பதில்: அந்த விஜிஏ போர்ட்டே காட்டிக்கொடுத்துவிட்டது. 1050 டிஐ வந்த தலைமுறையில், அதைத் தயாரிக்கும் என்விடியா, விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல் பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற சிப்பில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, பெயரை மட்டும் 1050 டிஐ என்று சொல்ல வைத்திருப்பார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் நம்பாது. சந்தேகமான கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு ரிட்டர்ன் நாட்களைக் கோட்டை விடாதீர்கள். விற்பவர் உங்களை இழுத்தடிப்பதே அதற்காகத்தான். ‘போலிப் பொருள்’ என்ற காரணத்தோடு தளத்திலேயே ரிட்டர்ன் பதியுங்கள், வாட்ஸ்அப் பேச்சு போதாது. மறுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருட அவகாசம் உண்டு, ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் பெட்டியும் பத்திரம்.

கேள்வி: 1650 கார்டு மாட்டினேன். கார்டில் விஜிஏ போர்ட் இல்லாததால் மானிட்டரைப் பழையபடி போர்டிலேயே சொருகியிருக்கிறேன். கேம் வேகம் துளிக்கூடக் கூடவில்லை.
- நாகர்கோவில் வாசகர்

பதில்: கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, வேலையெல்லாம் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ்தான் செய்கிறது. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முனையும் வெறும் வயரும் மட்டுமே இருந்தால் படம் வராது. அதைக் கார்டின் எச்டிஎம்ஐயில் சொருகி, மானிட்டர் வயரை அதில் மாட்டுங்கள்.